மீதம் இல்லை

பெரி.வயி. வெள்ளையப்பன்
என்னை ஒரு வருஷம் ஆடவிடாமல் வைத்தவர்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
இரங்கல் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

பேசியவர்கள் எல்லாரும்
அவர் மான்செஸ்டரில் ஐஸ் ஹாக்கி ஆடியதையே பேசினார்கள்.
ஒருவர் பனிமலையில் என்றார்.
மலை இல்லை. ஒரு கொட்டகை.
தகரக் கூரை, உறையவைத்த தரை,
காலில் கத்தி கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர்.
பஞ்சு வியாபாரம் படிக்கப் போன கோனாபட்டுப் பையன்
கதவோரம் நின்று வேடிக்கை பார்த்து
மூன்றாம் வாரம் உள்ளே இறங்கினான்.
இரண்டு குளிர்காலம். ரிசர்வ் அணி.
போட்ட கோல் நான்கு, போன பல் இரண்டு.
இது அவரே குறித்து வைத்த கணக்கு,
பேரேட்டில், மேலே உ போட்டு,
கோலை வரவிலும்
பல்லைச் செலவிலும் எழுதி.

அப்பச்சி தவறிய தந்தி வந்து ஊர் திரும்பினார்.
சித்திரை மாதம். ஸ்டேஷன் கைப்பிடியைத் தொட முடியவில்லை.
சறுக்குக் காலணிகள் இரும்புப் பெட்டிக்குள் போயின,
ரங்கூன் பத்திரங்களுக்கு அடியில்.
துரு ஏறாமல் இருக்க
வருஷத்துக்கு ஒருமுறை நல்லெண்ணெய்.

பிறகு செயலாளர். இருபத்தாறு வருஷம்.
ஹாக்கிச் சங்கம் என்றால்
காரைக்குடியில் வாடகைக்கு ஓர் அறை, ஒரு மேசை,
காகிதம் பறக்காமல் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு.
அதை அடித்துத்தான் அங்கே கோல் போடுவார்கள் என்று
எங்களுக்குத் தெரியாது.
ஏதோ பீப்பாயின் மூடி என்று நினைத்தோம்.

பள்ளத்தூர் அணி ரயில் படி கேட்டால்
டிக்கெட் எங்கே என்பார்.
புதுவயல் மைதானத்தைத் தானே நாடா பிடித்து அளந்து
தொண்ணூற்றேழு கஜம்தான் என்று
ஆட்டத்தையே ரத்து செய்தார்.
நான் நடுவரை மட்டையால் தொட்டேன்.
தொட்டேன் என்றுதான் விசாரணையில் சொன்னேன்.
"எந்த விலா?" என்றார். எழுதிக்கொண்டார்.
ஒரு வருஷம்.
மேல்முறையீட்டு மனு கொடுத்தேன்.
இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தித்
திருப்பி அனுப்பினார்.
தண்டனையைத் திருத்தவில்லை.

ஐம்பத்து நாலு, தேவகோட்டை, இறுதி ஆட்டம்.
வெள்ளிக் கோப்பை கொடுத்த அரிசி மில்காரர்
தன் மருமகன்தான் கேப்டன் என்று சொல்லி அனுப்பினார்.
காலை பதினொரு மணிக்குக் கோப்பை
துணி சுற்றி, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டு,
வந்த காரிலேயே திரும்பிப் போனது.
நாலரைக்கு ஆட்டம். கோப்பை இல்லை.
தடை முடிந்து எனக்கு அது முதல் சீசன்.
கோல் வாயில் நின்றேன்.
ஒன்றுக்குச் சுழி. ஜெயித்தோம்.

பரிசு மேசையில் சாக்கு மூடி ஏதோ இருந்தது.
ஐஸ் கம்பெனி லாரி வந்து போனதை
யாரும் கவனித்திருக்கவில்லை.
சாக்கை விலக்கினார்.
மரத்தூள் ஒட்டிய பனிப்பாளம், இரண்டு முழம்,
உள்ளே வெள்ளை நரம்பாய்க் காற்று.

கூட்டம் சிரித்தது.
அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.
வைத்தவர் எடுக்கவில்லை,
தாசில்தார் இருமும் வரைக்கும்.
பிறகு நகத்தால் கீறிப் பார்த்து
"மெத்து. கால் இழுக்கும்" என்றார்
யாரிடமோ.

தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினோம்.
தோள் மரத்தது, பனியன் ஒட்டியது,
பாதிச் சுற்றில் வழுக்கி விழுந்து இரண்டானது.
ஒரு பாதியை உடைத்து நன்னாரி சர்பத்தில் போட்டோம்.
இன்னொரு பாதிக்குத் தோற்றவர்கள் வாளியோடு வந்தார்கள்.
ஒரு சில்லை மட்டும் துண்டில் முடிந்து
என் முழங்காலில் கட்டிக்கொண்டேன்.

நேற்று சங்கத்து அலமாரியைத் திறந்தோம்.
இப்போது பொருளாளர் நான். சிரிக்கலாம்.
அந்த வருஷத்துப் பேரேடு.
சுழற்கோப்பை என்ற தலைப்பின் கீழே,
'பனிப்பாளம் ஒன்று, ரூபாய் இரண்டு அணா நாலு.
லாரிக் கூலி செயலாளர் சொந்தப் பொறுப்பு.
மீதம் இல்லை.'

மூன்று முறை கூட்டினேன்.
ஐந்தொகை சரியாக இருந்தது.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால்
அந்த வட்டைத் தேடி எடுத்துப்
பக்கத்தின் மேல் வைத்தேன்.