சாவா மூவா

காலை ஒன்பதுக்கே கல் சுடத் தொடங்கிவிட்டது.
வடக்குப் பக்கம், குமுதப் படையில்
சுண்ணாம்பைச் சுரண்டச் சுரண்ட
ஒரு ஸ்வஸ்திஸ்ரீ கண் விழித்தது.

ஊஞ்சக்காட்டு ஆளுடையார் கோயில்.
நொய்யலுக்குத் தெற்கே,
சாயத்தண்ணி மணக்காத தூரம்.
ஒருகால பூசை.
குருக்கள் காங்கேயத்திலிருந்து மொபெட்டில் வருவார்;
ஐந்து கோயில், ஐந்து சாவி,
ஐந்து சாமிக்கும் ஒரே தூக்குவாளிச் சோறு.
சுவிட்சைத் தட்டினால்
மணியும் முரசும் தாமே அடித்துக்கொள்ளும்.
கரண்ட் போன நாளில்
ஆளுடையார் சத்தமில்லாமல் சாப்பிடுகிறார்.

தாளை நனைத்துக் கல்லில் ஒட்டித்
தூரிகையால் தட்டினேன்.
எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்போது
சின்னதாய் ஒரு மூச்சு கேட்கும்.
இருபத்திரண்டு வருசமாய் அதற்காகத்தான் இந்த வேலை;
வெளியே சம்பளத்துக்கு என்று சொல்வேன்.

மை ஒற்ற ஒற்றக்
கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாய் எழுந்து வந்தன:
யாண்டு பதினேழாவது
இந்நாயனார்க்கு நொந்தா விளக்கு ஒன்றுக்கு
வைத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூறு

செத்ததற்கு ஈடாய்க் குட்டி,
கிழடானதற்கு ஈடாய்க் குட்டி,
கணக்கில் என்றைக்கும் தொண்ணூறு.
நிலவும் சூரியனும் உள்ளவரை
நிதம் உழக்கு நெய்.

நான் சத்தமாக வாசிக்கிறவன்.
இடிந்த மதிலுக்கு அந்தப்பக்கம்
தொரட்டியை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள் பொங்கியாத்தாள்.
"தொண்ணூறுங்களா?"
"தொண்ணூறுங்க."
"மேச்சவனுக்கு என்ன குடுத்தாங்களாமுங்?"

திரும்பக் கல்லைப் பார்த்தேன்.
கொடுத்தவன் பேர், அவன் அப்பன் பேர்,
ஊர், நாடு,
மன்னன் வென்ற மலைகள் நாலு வரி.
கைக்கொண்டான் இவ்வூர் மன்றாடி
என்ற இடத்தில், பேர் வரவேண்டிய அதே இடத்தில்,
மடப்பள்ளிக்குத் தண்ணீர்க் குழாய் போக
யாரோ துளை போட்டிருக்கிறார்கள்.

"கூலி எழுதலீங்களா?"
இல்லை.
"மழை பேயாத வருசம்?"
அதுவும் இல்லை.
போன கார்த்திகையில்
தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து
ஒரே ராத்திரியில் அவளுக்குப் பதினொன்று.
"அப்ப ஆட்டுக்குத்தானுங்க சாவில்லே," என்றாள்,
சிரித்தாளா என்று தெரியவில்லை,
வெயில் என் கண்ணில் இருந்தது.

உரித்த தாளை வன்னி நிழலில் விரித்து
நாலு மூலைக்கும் கல் வைத்துத்
தண்ணீர் குடிக்கப் போனேன்.
அவ்வளவுதான்.
திரும்பி வந்தால்
நெற்றியில் சுட்டி போட்ட ஒரு வெள்ளாட்டுக் குட்டி
நாலு மலைகளையும் மென்று முடித்துக்
கொடுத்தவன் பேரில் வாய் வைத்திருந்தது.

ஓடி வந்தாள். வைதாள், குட்டியின் தாயையும் சேர்த்து.
வாயிலிருந்து பிடுங்கி
எச்சில் ஒழுக நீட்டிய துண்டில்
ஒரே ஒரு வரி மீதி:
இத்தன்மம் இறக்காமற் காத்தான் ஸ்ரீபாதம் என் தலைமேலன

"என்னுங்க எழுதியிருக்குது?"
"இதைக் காப்பாத்தினவன் காலு என் தலைமேலன்னு."
"ஆரு தலைமேலீங்க?"
"தானம் குடுத்தவரு."
குனிந்து தன் காலைப் பார்த்தாள்.
பிய்ந்த ரப்பர் செருப்பு. வெடித்த குதிகால்.
பெருவிரலுக்கடியில் குத்தி நின்ற நெருஞ்சி.
"வேண்டாமுங்க, பாவம்," என்றாள்.

பொழுது சாயக் குருக்கள் வந்தார்.
கரண்ட் இல்லை.
பாக்கெட்டை வாயால் கடித்துப் பிரித்து
விளக்கெண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டினார்.
வெளியே புழுதிக்குள் பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.
எண்ணக்கூடாது என்று எண்ணத் தொடங்கி
நாற்பத்தி மூன்றில் ஒன்று துள்ளிப்
பின்னால் ஓட, கணக்கு விட்டுப்போயிற்று.

பதிவேட்டில்,
படி ஒன்று சேதம்.
காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.
இந்தப் பக்கம் மழை பெய்து எட்டு மாதம்.