வெள்ளி, செவ்வாய்

ஏப்ரல். ராயபுரத்தில் எதுவும் தானாக உறையாது.
அதனால் காசிமேட்டிலிருந்து
சாக்கில் சுற்றி ஐஸ் கொண்டு வருகிறாள் பெனிட்டா.
அண்ணன் லோடு ஏற்றும் கம்பெனி,
காசு வேண்டாம் என்றுவிட்டார்களாம்.
ஆய்வகம் முழுக்க வஞ்சிர வாடை.

உடைத்த ஐஸில் கல்லுப்பைக் கொட்டுகிறோம்.
நடுவே குழாய்; குழாய்க்குள் பச்சைக் கரைசல்.
குரோமியம் குளோரைடு இரண்டு புள்ளி ஆறு ஆறு கிராம்,
தண்ணீர் நூறு கிராம்.
கேள்வி ஒன்றுதான்:
மூன்று குளோரினில் எத்தனை
உலோகத்தின் கையை விட்டு நீரில் இறங்கியிருக்கிறது?

நீருக்கு யார் பெயரும் தெரியாது.
நெரிசல் பஸ்ஸில் கண்டக்டர் மாதிரி
தலையை மட்டும் எண்ணும்.
தலை கூடக் கூட
உறைவதைத் தள்ளிப்போடும்.

பாதரசம் இறங்குகிறது.
பூஜ்யத்தைத் தாண்டி,
நிற்க வேண்டிய இடத்தையும் தாண்டி
மைனஸ் ஒன்றரை. இன்னும் திரவம்தான்.
கலக்கியால் ஒரு தட்டு.
ஊசி ஊசியாய் வெள்ளை பாய,
வீட்டைத் தாண்டிப் போய்விட்டவன் போலப்
பாதரசம் திரும்பி ஏறி
நிற்கிறது.
பூஜ்யத்துக்குக் கீழே புள்ளி மூன்று எட்டு.

கணக்குப் போட்டால் இரண்டு தலை.
ஒரே ஒரு குளோரின் வெளியே,
மற்ற இரண்டும் இறுகப் பிடித்தபடி உள்ளே.
எழுதினோம். கையெழுத்தும் வாங்கியாயிற்று.

கார்க் போட்டுக் கழுவ மறந்த குழாய்
சனி, ஞாயிறு, திங்கள்
மின்விசிறி இல்லாத அலமாரியில் கிடந்தது.
செவ்வாய்க்கிழமை பார்த்தால் பச்சையைக் காணோம்.
மழைக்கு முந்தைய கடலின் நிறம்;
ஜன்னலில் பிடித்தால் ஊதா.

பெனிட்டா மறுபடி ஐஸுக்குப் போனாள்.

புள்ளி ஆறு ஒன்பது.

ஹில்டா மேடம் முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகித்தார்,
பிறகு எங்களை.
ஒரு துளி கூடவில்லை, ஒரு துளி குறையவில்லை என்றோம்.
சாவியை எடுத்துக்கொண்டு எல்லோரும் போன பிறகு
நீர் ஒவ்வொன்றாய் உள்ளே நுழைந்து
உலோகத்திடம் இடம் கேட்டிருக்கிறது.
குளோரின் எழுந்து கொடுத்திருக்கிறது.
அதுவும் உடனே இல்லை,
கடைசியாய் இருந்தது இன்னும்கூட
முழுசாய் எழவில்லை.
புள்ளி ஏழு நான்கு வர வேண்டுமே.

ரெக்கார்டு நோட்டில் விடைக்கு ஒரு கட்டம்தான்.
பெனிட்டா அதில் கோடு போட்டு இரண்டாக்கினாள்.
இடப்பக்கம் வெள்ளி. வலப்பக்கம் செவ்வாய்.
மேடம் பேனாவை மூடாமல்
ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

மிச்ச ஐஸை மோருக்குக் கேட்டு வந்தார் வாட்ச்மேன்.
உப்பு அண்ணே, மீன் வேற, என்றோம்.
பரவாயில்லை என்று
வாளியோடு எடுத்துப் போய்
காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.