அரை அங்குலம்

ஜாலான் புசாரில் வாங்கும்போது
அட்டைமேல் ‘ஆறு வேலை’ என்று போட்டிருந்தது.
வெட்டும், உரிக்கும், நசுக்கும், வளைக்கும்,
சின்னத் திருகாணியைத் துண்டாக்கும்.
ஆறாவது என்னவென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் மாதமே அதைக் காயப்படுத்தினேன்.
மெயினை அணைத்தாயிற்று என்று யாரோ சொல்ல,
சோதிக்காமல் கம்பியைக் கடிக்க விட்டேன்.
நீலமாய் ஒரு வெடி.
கண்ணுக்குள் நெடுநேரம் வெறும் வெள்ளை.
அலகில் ஒரு பள்ளம், பாதி உளுந்து அளவுக்கு.
“இனி இதை ஒருத்தரும் திருடமாட்டார்கள்”
என்று சிரித்தார் தியோ.

அன்றிலிருந்து நான் வெட்டும் செம்பின் நுனியில்
சிறு கொம்பு ஒன்று மிஞ்சும்.
கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

இன்று யீஷூன், ஒன்பதாம் தளம்.
கேத்தலைத் தொட்டால்
எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறதாம் ஹாஜ்ராவுக்கு.
மகளின் பாஜு கூரோங்
ஒரு கை மட்டும் தேய்த்தபடி பலகையில் கிடந்தது.
மெயினை அணைத்தேன், சோதித்தேன்,
மறுபடியும் சோதித்தேன்,
மூடியைக் கழற்றினேன்.

பழுப்பு இறுக்கமாய் இருந்தது. நீலமும்.
மஞ்சள் கோடு போட்ட பச்சை மட்டும்
எதிலும் சேராமல்
பெட்டியின் மூலையில் மடங்கிக் கிடந்தது.
குட்டையாய் வெட்டியதில் எட்டவில்லை.
எட்டாததை உள்ளே தள்ளி
மூடி முடுக்கியிருக்கிறார்கள்.
எவன் செய்த வேலை இது,
வாய்வரை வந்துவிட்டது.
நுனியைத் தடவினேன்.

கொம்பு.

பதினோரு வருடம்.
மேம்பாட்டு வேலை நடந்த சமயம்.
ஐந்து மணிக்கு லாரி கிளம்பிவிடும்,
விட்டால் பேருந்து, இரண்டு மாற்றம்.
அரை அங்குலம்தானே என்று
நினைத்தேனா,
நினைக்கக்கூட இல்லையா,
அது ஞாபகமில்லை.
இந்தச் சுவரைப் பிடித்துத்தான்
இவர் மகள் எழுந்து நிற்கப் பழகியிருப்பாள்.
ஈரக் கையோடு எத்தனை காலைகள்.

“பழைய வேலையா?”
“பழைய வேலை.”
“யார் செய்தது?”
மலாயில் பேசிக்கொண்டிருந்தோம்.
அந்த மொழியில், செய்தது ஆணா பெண்ணா என்று
சொல்லாமலே தப்பித்துவிடலாம்.
தப்பித்தேன்.

ஒரு துண்டு சேர்த்து, குழலுக்குள் நுழைத்து,
கைப்பிடி இரண்டும் முட்டும்வரை நசுக்கினேன்.
இழுத்துப் பார்த்தேன்.
போதும் என்று தெரிந்த பிறகும் இழுத்தேன்.

நாற்பது வெள்ளியை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார்.

மின்தூக்கி வந்தது,
திறந்தது, சற்றுப் பொறுத்தது,
நான் ஏறாமலே மூடிக்கொண்டது.
இந்தத் தளத்தில் எட்டு வீடு.
அந்த வாரம் எட்டும் எங்களுடையவை.
தாழ்வாரத்தில் யாருடைய சைக்கிளோ,
காயாத ஒரு துடைப்பம்,
மிதியடியில் என்னைப் பொருட்படுத்தாத பூனை.

பக்கத்து வீட்டு மணியை அழுத்தினேன்.
என்ன சொல்வதென்று யோசித்திருக்கவில்லை.
உள்ளே நாற்காலி நகரும் சத்தம்.
மணி ஒழுங்காய் அடிக்கிறது,
அதையும் நான்தான் போட்டேனோ என்னவோ.