ஆஃப் பிளேட்

சனிக்கிழமை ஏழு மணிக்கு,
ஓசூர்க் கடைக்காரன் நாளைக்குத் தொள்ளாயிரம் தருகிறானென்று
ஏப்ரனைக் கழற்றி சிலிண்டர் மேல் போட்டுவிட்டு
பஸ் ஏறிவிட்டான் மாஸ்டர் திம்மராயன்.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு, மேம்பாலத்துக்கு அடியில்.
வண்டி என்னுடையது.
ஸ்டிக்கரில் பெயரும் என்னுடையது: சென்னம்மா ஃபாஸ்ட் ஃபுட்.
நாலு வருஷமாய்க் கோஸ் அரிந்தேன், காசு வாங்கினேன்,
மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுத்தேன்.
சட்டியை மட்டும் தொட்டதில்லை.

மாங்கூழ் ஃபேக்டரியில் ஷிப்ட் விட்டு
பதினோரு பேர் வந்து நின்றார்கள்,
விரல் இடுக்கெல்லாம் மஞ்சள்.
ஆறின சோறு தீர்ந்துபோய்
அப்போதுதான் இறக்கியதை ஆவி பறக்க அள்ளிப் போட்டேன்.
கிண்டினேன்.
கிண்டத்தான் இந்தக் கைக்குத் தெரியும்;
பத்து வயசிலிருந்து கேழ்வரகுக் களி,
பானையைக் காலால் இடுக்கிக்கொண்டு, கட்டி தட்டாமல்,
மாவெல்லாம் ஒரே உடம்பாகும்வரை.
ஆயிற்று. இதுவும் ஒரே உடம்பாயிற்று.
சோயா சாஸ் ஊற்றிய களி.
"அக்கா, இதுக்குக் கருவாட்டுக் கொழம்பு இருக்கா?"
கேட்ட பையனிடம் பணம் வேண்டாமென்றேன்.
மற்ற பத்துப் பேரும் அதையே கேட்டார்கள்.

ஞாயிறு வண்டி எடுக்கவில்லை.
சாயங்காலம் வடித்தேன், முக்கால் பதம்,
நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும்போதே.
வெளுத்த வேட்டியில் பரப்பி, எண்ணெய் தெளித்து,
ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன்.
ராத்திரி முழுக்கச் சோறு காற்று வாங்கியது.
நான் புழுக்கத்தில் கிடந்தேன்.

நேற்றைய சோறு.
தண்ணீர் ஊற்றினால் பழையது, கேட்க நாதியில்லை.
தீ ஊற்றினால் எண்பது ரூபாய்.

திங்கள். புளோயர் அடுப்பு மலையேறும் லாரி மாதிரி இரைந்தது.
முட்டை. அது சிதறியதும்
கோஸ், கேரட், பீன்ஸ், வெந்தும் வேகாமலும்.
சோறு.
கரண்டியைக் கீழே வைத்தேன்.
சட்டியை முன்னால் தள்ளி வெடுக்கென்று என் பக்கம் இழுக்க,
எழும்பியது.
ஒரு பிடி தார் ரோட்டில்; நாய்க்கு அன்று நல்ல நாள்.
மீதி திரும்பி வந்தது,
ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாய்,
பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள்
ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

மிளகுத்தூள் எவ்வளவு என்று
திம்மராயன் சொன்னதேயில்லை.
அவன் டப்பா மூடியில் துளைகள் ஐந்து.
மூன்று குலுக்கல் போதுமென்று தும்மல் சொன்னது.

புதன்கிழமை, தூறல்.
வரிசையில் எட்டாவது ஆளாய் நின்றான், தோளில் பையோடு.
"ஆஃப் பிளேட்," என்றான், யாரோ மாதிரி.
போட்டேன், யாருக்கோ மாதிரி.
பாலத்தூணில் சாய்ந்து தின்றவன் பாதியில் நிறுத்தி
ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்து
லாரி வெளிச்சத்தில் பார்த்தான்.
"உப்பு?"
"சரியாத்தான் இருக்கு."
"நாப்பது."
ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டி, சில்லறை இல்லை என்றான்.
என்னிடமும் இல்லை.
பின்னால் ஆறு பேர்.

ஒரு முழுக் கோஸையும் கத்தியையும்
அவன் பக்கம் தள்ளிவிட்டு
அடுத்த ஆளைப் பார்த்தேன்.