தொண்ணூற்றிரண்டு விழுக்காடு

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறியதும்
கைப்பேசியில் இருபது கேள்விகள்.
'கடைசியாக யாருக்கு நன்றி சொன்னீர்கள்?'
தே தாரேக் ஆற்றியவருக்கு.
லிஃப்ட் கதவைப் பிடித்து நின்ற யாரோ ஒருவருக்கு.
மூன்று மொழியிலும் சொல்வேன், தாராளமாக.

நீங்கள் நன்றியுள்ளவர் என்று வந்தது,
தொண்ணூற்றிரண்டு விழுக்காடு.
பக்கத்தில் ஒரு சூரியகாந்தி.

மீதி எட்டு
நான்கு பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது,
மடியில் மருந்துப் பையோடு.
புஷ்பலீலா.
என் ஆபரேஷனுக்குத் தன் சங்கிலியை
அடகு வைத்தவள்.
மீட்டாளா, மூழ்கிப்போனதா,
ஆறு வருடமாகக் கேட்கவில்லை.
அவள் வரும் தெருவில் எனக்கு எப்போதும்
வேறு வேலை.

திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்றுதான்
குனிந்து இத்தனை கேள்விக்கும் பதில் தட்டினேன்.

ஜெட்டியில் மோதி நிற்கிறது ஃபெரி.
'முடிவைப் பகிரவா?' என்கிறது திரை.
அவள் எழுந்து கொண்டை முடிகிறாள்.
வெறுங்கழுத்து.