நான்காவது

மயூர் விகாரில் ஜனவரி ஞாயிறு.
ஒன்பது மணியாகியும் எதிர்ப் பிளாக் தெரியவில்லை.
பானட்டைத் தொட்டால் உள்ளங்கை மரத்துப்போகிறது.
நல்லதுதான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்,
சூட்டோடு பிளக்கைக் கழற்றினால்
அலுமினிய மரையும் கூடவே உரிந்து வந்துவிடும்.

மரை கழன்றவள் என்று
ஏற்கனவே மூன்றாம் மாடியில் ஒரு பேச்சு உண்டு.

இரண்டு வாரமாக வண்டிக்கு விக்கல்.
லட்சுமி நகர் சிக்னலில் பச்சை விழுந்ததும்
தொண்டையைச் செருமிக்கொண்டுதான் நகரும்.
சர்வீஸ் சென்டரில் டை கட்டிய பையன்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
மூவாயிரத்து நானூறு என்றான்.
கூடவே, மேடம், இதற்கு இன்னும் பதினோரு மாதம்தானே என்றான்.
பதினைந்து முடிந்தால் தில்லியில் பெட்ரோல் வண்டி
காயலான் கடைக்கு. எனக்குத் தெரியாதா.
அதற்காகப் பதினோரு மாதமும்
விக்கிக்கொண்டே போக வேண்டுமா என்ன?

காஷ்மீரி கேட்டுக்கு மெட்ரோவில் போனேன்.
நான்கு பிளக், பதினாறு எம்.எம். சாக்கெட் ஒன்று.
சாக்கெட்டுக்குள் ரப்பர் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தேன்.
கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு
கேட்காமலே நாற்பது ரூபாய் குறைத்தார்.

இப்போது ஷம்பு டார்ச் பிடிக்கிறான்.
கேட்டைப் பார்க்க வேண்டியவன்,
ஒரு கண் கேட்டில், ஒரு கண் எஞ்சினில்,
வெளிச்சம் மட்டும் எப்போதும் வேறெங்கோ.
பாட்டியா சாஹப் மப்ளருக்குள்ளிருந்து கேட்கிறார்:
உங்கள் கணவர் ஊரில் இல்லையா?
இருக்கிறார், ரஜாய்க்குள்.

காயிலை உருவி,
குழியிலிருந்த தூசியை மகனின் சைக்கிள் பம்பால் ஊதி,
ராட்செட்டை அழுத்த
கடக்கென்று ஒரு சத்தம். வயிற்றில் புளி.
உடையவில்லை. இளகியது.

முதல் பிளக் பிஸ்கட் நிறம்.
நன்றாகத் தின்று நன்றாகத் தூங்கியிருக்கிறது.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது வெளியே வந்தது கரியாக,
முனையில் எண்ணெய்ப் பிசுக்கு.
நீதானா, என்றேன் தமிழில்.
ஷம்புவும் தலையாட்டினான்.

புதியதன் முனைகளுக்கு நடுவே
தகடு விட்டு அளந்தேன். ஒன்று புள்ளி ஒன்று.
நெருங்கினாலும் பொறி சரியில்லை, விலகினாலும் சரியில்லை.
இதை வைத்து வீட்டில் ஒரு தத்துவம் பேசிவிடுவேனோ என்று
பயந்து உதட்டைக் கடித்த நேரத்தில்
விரல் விறைத்து
பிளக் நழுவியது.
பம்பரில் ஒரு தட்டு, சிமெண்டில் ஒரு தட்டு,
பாட்டியாவின் செருப்பில் நின்றது.

ஒன்றும் ஆகவில்லை தீதி, என்றான் ஷம்பு, துடைத்துக் கொடுத்து.
ஆகியிருக்கும். பீங்கானில் விழும் கீறல்
கண்ணுக்குத் தெரியாது,
ஓட்டும்போதுதான் சொல்லும்.
மறுபடி மெட்ரோ ஏற எனக்குத் தெம்பில்லை.

நான்காவதற்கு வாங்கியதை மூன்றாவதில் வைத்தேன்,
கையாலேயே திருகி. மரை மரையோடு சேர்ந்தால்
விரலுக்கே தெரியும், வெண்ணெய் போல இறங்கும்.
பிறகு அரைச் சுற்று, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.
நான்காவதன் பழசைக் கழற்றினேன்.
பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.
பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து
அதன் இடத்திலேயே திருப்பி உட்கார வைத்தேன்.

சாவியைத் திருப்பினால்
முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.
பாட்டியா கைதட்டினார், கையுறை போட்டிருந்ததால்
சத்தம் வரவில்லை.

திங்கள். நிஜாமுதீன் பாலம், நெரிசல்.
ரேடியோவை அணைத்துவிட்டு
நான்காவதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.
மூன்று புதுசுக்கு நடுவே
தான் பழசு என்று அது காட்டிக்கொள்ளவில்லை,
அல்லது எனக்கு அவ்வளவு காது இல்லை.

மாலை கேட்டில் நிறுத்தினான் ஷம்பு.
வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டின் மேல்
பக்கம் பறக்காமலிருக்க
என் புது பிளக்கை வைத்திருக்கிறான்.
காட்டத்தான் நிறுத்தியிருக்கிறான்.