உள்சுவர்

முதலில் நாலு கால்கள் மட்டும் வந்துவிடும்.
உடம்பு வர ஒரு வாரம்.
அதுவரை வெயிலில் நிற்கும்,
சுமக்கக் கூப்பிட்டுவிட்டு
சாமான் வராத ஆட்கள் மாதிரி.

பள்ளத்தூர்க் கண்மாய் மண்,
ஒரு படி மணல், கை நிறைய உமி.
உருட்டினால் திரி.
திரிமேல் திரி வைத்து
வெளியே பலகையால் தட்டு, உள்ளே கல்லால் தாங்கு.
சக்கரத்தில் பெண்கள் உட்காரக் கூடாதாம்.
குதிரை சக்கரத்தில் ஏறாது.
சுற்றி வருவது நான்தான்.

டிப்பர் ஓட்டுகிற செவந்தியப்பனின் நேர்த்தி இது.
திருமயம் ரோட்டில் கவிழ்ந்த வண்டிக்குள்ளிருந்து
ஒரு செருப்பை மட்டும் தொலைத்துவிட்டு வந்தவன்.
"தொடையில வண்டி நம்பர் எழுதணும்க்கா."
"அய்யனார் ஆர்.சி. புக்கா கேக்குறாரு?"
"இருநூறு குதிரை நிக்கிற எடம். எது எம்புட்டுதுன்னு தெரியணும்ல."
அதுவும் நியாயம்தான்.

வயிறு பாதி ஏறிய ராத்திரி மழை.
யாருடைய காதுகுத்துக்கோ அடித்த பேனரை
எடுத்துப் போர்த்தினேன்.
விடியும்வரை குதிரை முதுகில்
தாய்மாமன்கள் ஏழு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதுகை மூடும்போது கையை வெளியே எடுத்தாக வேண்டும்.
அதற்குமேல் உள்ளே என்ன இருக்கிறதோ
அப்படியே இருக்கும்.
வழிக்க முடியாது. தடவ முடியாது.
சூடு போக வாலுக்குக் கீழே ஒரு ஓட்டை,
அதில் விரல்தான் நுழையும்.

வைக்கோல், வறட்டி, மேலே சேறு.
இரண்டு நாள் வேகவிட்டு எடுத்தேன்.
இடது காதில் ஒரு கீறல், பரவாயில்லை.
சுண்ணாம்பு அடித்தேன். காவியில் சேணம்.
கழுத்து மணிகள் விரல் நுனியால்.
விலாவில் மட்டும் நெளிநெளியாக
வயிறு முழுக்க ஒரே கோடு.
என்னது இது, பாம்பா, தண்ணியா என்றார்கள்.
உள்ளே திரி போன வழி அது.
யாரிடமும் சொல்லவில்லை.

புரவி எடுப்பன்று எட்டுப் பேர் தூக்கினார்கள்.
செவந்தியப்பன் வெறுங்காலில் முன்னால் ஓடினான்.
கோயிலில் இறக்கி வைத்த இடத்துக்குப் பின்னால்
போன வருசத்துக் குதிரை ஒன்று வயிறு திறந்து கிடந்தது.
என்னுடையதுதான்.
வெள்ளை முழுக்க மழையோடு போயிருந்தது.
உள்சுவரில் வரப்பு வரப்பாக என் விரல்கள்,
அழுத்திய இடம், அவசரப்பட்ட இடம்,
ஒரு மாலை கையோய்ந்து விட்டுவிட்ட இடம் எல்லாம்.
அந்தக் கடைசி வரப்பின்மேல்
ஒரு குளவி பானை கட்டியிருந்தது.
சுண்டைக்காய் அளவு.
அதுவும் திரிமேல் திரிதான்.
வாய் விளிம்பை என்னைவிடச் சுத்தமாக மடித்திருந்தது.
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா! நம்பர்ல ஆறு ஒம்பதா இருக்கே!"

நிமிர்ந்தேன். ஆமாம். அப்படித்தான் இருந்தது.

"கவுந்த வண்டிதானடா" என்றேன்.